பேட்டில்ஸ்டார் கேலக்டிகா முடிவு: கடவுள் மேல் ஏன் இத்தனை கோபம்?

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் பார்த்து முடித்ததாகவும், கடைசியில் எல்லாவற்றையும் கடவுள் தலையில் கட்டிவிட்டதால் நாலு சீசனும் வீணாகப் போனதுபோல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2009இல் பார்த்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்ததா, போர்விமானி காரா உண்மையில் யார், ஹீரா என்ற குழந்தையைப் பற்றிச் சொல்லும் அறிவியல் சரியா, அப்புறம் 'தி பிளான்' படத்தையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலில் கதை முழுக்க வரும் என்பதால் தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆமாம், அன்றைக்கும் பலருக்கு இதே கோபம் வந்தது. எனக்கும் அந்த முடிவில் ஒரு பெரிய குறை உண்டு. ஆனால் அது கடவுளைப் பற்றியது இல்லை. கோபம் தவறான இடத்தில் போய் விழுந்துவிட்டது என்றுதான் நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த நேரத்துச் சூழலைச் சொல்லிவிடுகிறேன். 'டேபிரேக்' என்ற மூன்று பகுதி முடிவின் கடைசி இரண்டு பகுதிகளும் 2009 மார்ச் 20 அன்று இரவு சைஃபை சேனலில் ஒன்றாக ஒளிபரப்பாயின. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 17 அன்று, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் இந்தத் தொடரை வைத்தே ஒரு கலந்துரையாடல் நடந்தது. கேலக்டிகா போர்க்கப்பலின் தளபதி அடாமாவாக நடித்த எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், அதிபர் ராஸ்லினாக நடித்த மேரி மெக்டானெல், தொடரை உருவாக்கிய ரொனால்ட் மூர், டேவிட் ஐக் நால்வரும் மேடையில் இருந்தார்கள். மனித உரிமை, பயங்கரவாதம், போரில் சிக்கும் குழந்தைகள் என்று பேச்சு போனது. விண்கலமும் ரோபோவும் வருகிற ஒரு தொடருக்கு அப்படி ஒரு இடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

அந்த இடம் அதற்குத் தகுந்ததுதான். 2003 டிசம்பரில் குறுந்தொடராக வந்தபோது, அமெரிக்கா செப்டம்பர் 11 தாக்குதலின் அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை. மனிதனே படைத்த சைலான் என்ற இயந்திர இனத்தால் ஒரே நாளில் மனிதர் வாழ்ந்த பன்னிரண்டு கோள்களும் அழிந்து, ஐம்பதாயிரம் பேர் மட்டும் தப்பி ஓடுகிற கதையை யாரும் வெறும் கற்பனையாகப் பார்க்கவில்லை. 2006 அக்டோபரில் மூன்றாவது சீசன் தொடங்கியது. அமெரிக்கப் படை ஈராக்கில் இருந்த நேரம் அது. சைலான்களின் ஆக்கிரமிப்பில் இருக்கும் மனிதர்கள், அதாவது நாம் நேசித்த கதாபாத்திரங்கள், தங்கள் ஆட்களையே தற்கொலைக் குண்டுதாரிகளாக அனுப்பினார்கள். எந்தப் பக்கம் நியாயம் என்று பார்ப்பவனைத் திணறவைத்த துணிச்சல் அது. ஆகவே ஒரு பெரிய கூட்டம் இதை அரசியல் நாடகமாகவே பார்த்துப் பழகியிருந்தது. தேவதைகளும் தீர்க்கதரிசனமும் வந்த காட்சிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதெல்லாம் கடைசியில் சைலான் தொழில்நுட்பம் என்றோ மூளைக்குள் வைத்த சில்லு என்றோ விளக்கம் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள்.

கிடைக்கவில்லை. விஞ்ஞானி பால்டாரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த, மனித உருவச் சைலானான சிக்ஸும், சிக்ஸ் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பால்டாரும் நிஜமாகவே கடவுளின் தூதர்கள் என்று ஆனது. இறந்து திரும்பிவந்த காரா, புல்வெளியில் அடாமாவின் மகன் லீயோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மறைந்துபோனாள். கதை எழுதும் அடிப்படைப் பாடத்தையே யாரோ தவறவிட்டுவிட்டார்கள், கடவுள் வந்து முடித்துவைப்பது மட்டமான முடிவு என்று ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் வலைப்பதிவில் எழுதினார். இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் தலைவராக அப்போது இருந்த பிராட் டெம்பிள்டன், திரையில் வந்த அறிவியல் புனைவுகளிலேயே மிக மோசமான முடிவு இதுதான் என்று தலைப்பிட்டு நீண்ட கட்டுரை எழுதினார். இன்று யாராவது இந்த முடிவைத் திட்டினால், அந்த வாதங்களில் பாதி அவர் கட்டுரையில் ஏற்கெனவே இருக்கும். இன்னொரு பக்கம், ராஸ்லின் விண்கலத்தில் அடாமா பக்கத்தில் அமர்ந்தபடியே உயிர்விட, அவர் தன் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போடும் காட்சியில் உடைந்துபோனவர்களும் ஏராளம். பத்திரிகை விமர்சகர்கள் பலரும் அந்தப் பக்கம்தான் நின்றார்கள்.

இப்போது கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். தொடரை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். முதல் சீசனின் முதல் எபிசோட், 33 நிமிடத்துக்கு ஒருமுறை சைலான்கள் வந்து தாக்கும் கதை. சைலான்களுக்கு உதவிய பால்டாரின் துரோகத்தை அம்பலப்படுத்தக்கூடிய மனிதர் இருக்கும் கப்பல் நெருங்கும்போது, சிக்ஸ் அவனைக் கடவுள்முன் மனம் திரும்பச் சொல்கிறாள். அவன் திரும்பினான், கப்பலைச் சுட்டு வீழ்த்த உத்தரவு வந்தது. அதே சீசனில் எரிபொருள் ஆலையை எங்கே தாக்க வேண்டும் என்று கேட்டபோது, அவன் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்த இடம் சரியாக அமைந்தது. இரண்டாவது சீசனில், 2005இல், பால்டார் தன் மூளையைப் படம் எடுத்துப் பார்க்கிறான். சில்லு எதுவும் இல்லை. அப்படியானால் நீ யார் என்று சிக்ஸிடம் கேட்டதற்கு, கடவுளின் தேவதை என்று நேரடியாகப் பதில் சொல்கிறாள். முடிவுக்கு நாலு வருடம் முன்பே விடை கொடுத்தாகிவிட்டது. நாம் நம்பவில்லை, அவ்வளவுதான்.

வேரிலேயே இது இருந்தது. 1978இல் மூலத் தொடரை உருவாக்கிய க்ளென் லார்சன் மோர்மன் சமயத்தவர். கோபோல் என்ற மூதாதையர் கோளின் பெயரும் பன்னிரண்டு குலங்களின் கதையும் அந்த நம்பிக்கையின் சாயலில் வந்தவை. அந்தத் தொடரிலும் ஒளிமயமான தேவர்கள் கப்பலில் வந்து பூமிக்கு வழிகாட்டினார்கள். மூர் பிற்காலத்தில் போருக்கும் அரசியலுக்கும் எவ்வளவு இடம் கொடுத்தாலும் இந்த எலும்பை எடுத்து எறியவில்லை. புதுத் தொடரின் முகப்பிசையைக் கவனித்தீர்களா? அதில் பாடப்படுவது காயத்ரி மந்திரம். இதெல்லாம் முன்பும் நடந்தது, இனியும் நடக்கும் என்று சைலானும் மனிதரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். யுகங்கள் சுழலும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமே இல்லை. மேற்கத்திய ரசிகர்கள் பலரைவிட இந்த முடிவை நாம் எளிதாக உள்வாங்கிக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ஏமாற்றப்பட்ட உணர்வு எங்கிருந்து வந்தது? என் கணிப்பில் ஆரம்ப சீசன்களில் எபிசோட்களின் தொடக்கத்தில் வந்த அந்த ஒரு வரியிலிருந்து. சைலான்கள் மனிதனால் படைக்கப்பட்டன, கிளர்ந்தெழுந்தன, பரிணமித்தன என்று எழுத்துகள் ஓடி, அவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று முடியும். வாரா வாரம் இப்படி ஒரு வாக்குறுதி கொடுத்தால் பார்ப்பவன் துப்பறிய ஆரம்பிப்பான். ஆனால் எழுத்தாளர்களிடம் அப்படி ஒரு திட்டம் இருக்கவில்லை. மூர் அதை மறைத்ததும் இல்லை. எபிசோட்களுக்கு அவரே குரல்பதிவு வெளியிட்டார், எது எப்போது முடிவானது என்று வெளிப்படையாகப் பேசினார். மனிதர் நடுவே மறைந்திருந்த கடைசி ஐந்து சைலான்கள் யார் என்பதே மூன்றாவது சீசன் எழுதும்போதுதான் தேர்வானது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும். ஆனால் புதிரை அவிழ்க்க உட்கார்ந்தவனுக்கு, புதிர் போட்டவரிடமே விடை இல்லை என்று கேட்டால் எப்படி இருக்கும்?

இதோடு இடைவெளியும் சேர்ந்துகொண்டது. ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் 2007 நவம்பரில் தொடங்கி அடுத்த பிப்ரவரி வரை நடந்தது. படப்பிடிப்பு நின்றது. 2008 ஜூனில், தேடிவந்த பூமி அணுகுண்டில் சாம்பலான காட்சியோடு பாதி சீசன் முடிந்தது. மறுபாதி 2009 ஜனவரியில்தான் வந்தது. ஏழு மாதம் ரசிகர்கள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் டேனியல் என்று அழிக்கப்பட்ட ஒரு சைலான் மாதிரியைப் பற்றி உரையாடலில் ஒரு தகவல் வந்ததும், அவன்தான் காராவின் அப்பா, அதனால் காரா பாதி சைலான் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். மூர் அதைப் பின்கதைக்கான ஒரு விவரமாகத்தான் நினைத்திருந்தார். ரசிகர்கள் கட்டிய விடை அவர் எழுதியதைவிடக் கச்சிதமாக இருந்ததால், அவர் எழுதியது வந்தபோது குறைபட்டதாகத் தெரிந்தது.

முடிவை எழுதும்போது மூர் திணறிய கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கதைப்போக்கு பிடிபடாமல், ஒருநாள் எழுத்தாளர் அறைக்கு வந்து, கதாபாத்திரங்கள்தான் முக்கியம் என்பதைத் தனக்குத்தானே கடிந்துகொள்ளும் தொனியில் பலகையில் எழுதினாராம். வீட்டுக்குள் புகுந்துவிட்ட ஒரு பறவையை ஒருவன் விரட்டும் காட்சி மட்டும் அவர் மனதில் இருந்திருக்கிறது. அதுதான் லீயும் புறாவும் வரும் காட்சியானது. பேரழிவுக்கு முந்திய வாழ்க்கைக் காட்சிகள் எல்லாம் அந்தப் பலகையிலிருந்து பிறந்தவை. ராஸ்லினின் பகுதி அற்புதம். ஒரே கார் விபத்தில் அப்பாவையும் தங்கைகளையும் பறிகொடுத்தவள், செய்தி கேட்டதும் நடந்துபோய் ஊற்றுநீருக்குள் நிற்கிறாள். அத்தனை கோடிப் பேரின் மரணத்துக்குப் பிறகும் அவளால் எப்படி நிமிர்ந்து நிற்க முடிந்தது என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும். புறா எனக்கு ஒட்டவில்லை.

சரி, என் குறை என்ன? லீயின் முடிவு. நகரம் வேண்டாம், கப்பல்கள் வேண்டாம், எல்லாவற்றையும் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு வெறும் கையோடு, கடைசியில் கண்டடைந்த இந்தப் புது பூமியில், அதாவது இன்று நாம் வாழும் பூமியில், பரவி வாழ்வோம் என்கிறான். சுமார் 38 ஆயிரம் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். அப்போது அதிபராக இருக்கும் லாம்ப்கின், மக்கள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது ஆச்சரியம் என்று சொல்ல, புதிதாகத் தொடங்கும் ஆசையைக் குறைவாக எடைபோடாதீர்கள் என்று ஒரு பதில். அத்தோடு முடிந்தது விவாதம்.

இது வேறு எந்தத் தொடராக இருந்தாலும் மன்னித்துவிடலாம். ஆனால் கேலக்டிகா வாதம் செய்தே வளர்ந்த தொடர். தண்ணீர்ப் பங்கீடு, கருக்கலைப்பு, தொழிலாளர் வேலைநிறுத்தம், கைதிகளின் உரிமை, தேர்தல் முறைகேடு என்று எதையும் சண்டையில்லாமல் கடந்ததே இல்லை. இரண்டாவது சீசன் முடிவில், ஒரு கோளில் குடியேறலாமா வேண்டாமா என்பதற்காக ஒரு அதிபர் தேர்தலே நடந்தது, ராஸ்லின் அதில் தோற்றாள். எல்லாவற்றுக்கும் மேல், சைலான்களோடு கூட்டணி வைத்து அவர்களின் தொழில்நுட்பத்தைக் கப்பல்களில் பொருத்தலாமா என்ற கேள்வியில் கேலக்டிகாவின் அதிகாரி கேட்டாவும் துணை அதிபர் ஜாரெக்கும் கலகம் செய்தார்கள். பிரதிநிதிகள் அவையையே சுட்டுக் கொன்றார்கள். அந்த எபிசோட்கள் ஒளிபரப்பானது 2009 ஜனவரி 30, பிப்ரவரி 6. முடிவுக்கு ஆறு வாரம்தான் இடைவெளி. புது எஞ்சினுக்காக ரத்தம் சிந்திய அதே மக்கள், எஞ்சினே வேண்டாம் என்றபோது ஒரு குரல்கூட எழுப்பாமல் மருந்தையும் விளக்கையும் விட்டுவிட்டுப் போவார்களா? கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் ஒருத்தியாவது மருத்துவரைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்க மாட்டாளா?

களைப்பு என்று காரணம் சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கிறது. வருடக்கணக்கில் உலோகச் சுவர்களுக்குள் பாசியைத் தின்று வாழ்ந்தவர்கள். நாடிவந்த முதல் பூமி சாம்பலாகக் கிடந்ததைப் பார்த்ததும் டீ என்று அழைக்கப்பட்ட அதிகாரி டுவாலா தன்னைத்தானே சுட்டுக்கொண்டாள். கேலக்டிகாவின் உடலே விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. தொழில்நுட்பத்தின் மேல் சந்தேகமும் முதல் நாளிலிருந்தே உண்டு. கணினிகளை இணைக்க விடாமல் அடாமா பிடிவாதமாக இருந்ததால்தான் அந்தப் பழைய கப்பல் தப்பியது. ஆக லீயின் யோசனைக்கான விதை கதைக்குள் இருக்கிறது. விதையிலிருந்து முடிவுக்குப் போக ஒரு காட்சி வேண்டும். மக்கள் கூடி, கத்தி, அழுது, வாக்களித்து, தோற்றவர்கள் கசப்போடு பிரிந்துபோகும் ஒரு பத்து நிமிடம். புறாவுக்குக் கிடைத்த நேரம் அதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் இது ஒன்றுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. கதை 1,50,000 ஆண்டுகளுக்கு முன் நடக்கிறது. மனிதன் பயிர்செய்யத் தொடங்கியது ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான். பால்டார், தான் வெறுத்து விட்டுவந்த அப்பாவின் தொழிலை நினைத்து, எனக்கு விவசாயம் தெரியும் என்று சிக்ஸிடம் சொல்லி உடைந்து அழுகிறானே, அந்த விவசாயம் நிலைக்கவில்லை. அவர்களின் எழுத்து நிலைக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த பூர்வகுடிகளுக்கு நம்மிடமுள்ள நல்லதைக் கொடுப்போம் என்ற லீயின் நம்பிக்கையில் ரத்தம் மட்டுமே மிஞ்சியது. இன்றைய நியூயார்க்கில் நடக்கும் கடைசிக் காட்சியில் தேவதைகள் படிக்கும் பத்திரிகையில், நம் எல்லோருக்கும் ஆதித்தாயின் எலும்புகள் ஓர் இளம்பெண்ணுடையவை என்று வருகிறது; அவள்தான் ஹீரா. இளம்பெண் என்றால் ஹீரா முதுமையைப் பார்க்கவே இல்லை. இதை எழுதியவர்கள் எவ்வளவு உணர்ந்து எழுதினார்களோ, எனக்கு அந்தக் கடைசிப் பச்சைப் புல்வெளி இந்தக் கணக்குத் தெரிந்தபிறகு மிகவும் துயரமாகிவிட்டது.

ஹீராவின் அறிவியலைக் கேட்டீர்கள். மனிதனுக்கும் சைலானுக்கும் பிறந்த அவளே 'மைட்டோகாண்ட்ரியல் ஈவ்', இன்று வாழும் எல்லோருக்கும் தாய்வழி ஆதித்தாய், என்கிறது தொடர். மைட்டோகாண்ட்ரியல் ஈவ் என்பது உண்மையான ஆய்வில் வந்த கருத்து. ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் 1987இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். உங்கள் அம்மா, அவருடைய அம்மா, அவருடைய அம்மா என்று இன்று வாழும் எல்லோரும் பின்னோக்கிப் போனால், எல்லாக் கோடுகளும் ஒரு பெண்ணிடம் சேரும். அவள் முதல் பெண் இல்லை, அவள் காலத்தில் வாழ்ந்த ஒரே பெண்ணும் இல்லை. மற்றப் பெண்களின் சந்ததியும் மகன்கள் வழியாகவும் பேரன்கள் வழியாகவும் இன்று நம்மிடம் இருக்கலாம். இடையில் எங்காவது ஒரு தலைமுறையில் மகளே பிறக்காமல் போயிருந்தால், அந்தத் தாய்வழிக் கோடு மட்டும் அறுந்துவிடும். ஆகவே ஹீராவை ஆதித்தாய் என்று சொல்வதாலேயே மற்ற 38 ஆயிரம் பேரும் வாரிசின்றி அழிந்தார்கள் என்று ஆகாது. இந்த இடத்தில் தொடரைத் திட்டியவர்கள் சிலர் கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

உண்மையான சிக்கல் வேறு. ஹீராவின் தாய் அதீனா, ஒரு சைலான். நம் எல்லோருடைய மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் அவள் வழி வந்தது என்றால், அது இந்தப் பூமியில் பரிணமித்ததே இல்லை என்றாகும். ஆனால் நம்முடைய அந்த டிஎன்ஏ சிம்பன்சிகளுடையதோடு நெருங்கிய உறவு காட்டுகிறது. வேறு கோளிலிருந்து வந்தது எப்படி இங்குள்ள குரங்கினத்தோடு பொருந்தும்? தொடர் இதற்கும் அதே பதிலைத்தான் தருகிறது. இரண்டு கோள்களில் தனித்தனியாக ஒரே மனித இனம் தோன்றியதில் ஒரு தெய்வக் கை தெரிகிறது என்று அதில் சொல்லப்படுகிறது. அறிவியலாக இது நிற்காது. ஹீராவை நம் எல்லோருக்கும் மூதாதையரில் ஒருத்தி என்று மட்டும் விட்டிருந்தால் எந்தச் சங்கடமும் இல்லை, கதைக்கும் அதுவே போதுமானது.

காராவைப் பற்றி நான் சமாதானமாகத்தான் இருக்கிறேன். 2007இல் அவள் கலம் வெடித்து இறந்தாள், அதே வருடம் புத்தம்புதுக் கலத்தோடு திரும்பினாள், 2009 ஜனவரியில் எரிந்துபோன பூமியில் தன் பிணத்தைத் தானே கண்டெடுத்து எரித்தாள். அதற்குமேல் அவள் மனுஷியாக இருக்க வழியே இல்லை. ஹீரா வரைந்த புள்ளிகள், காராவின் அப்பா சொல்லிக்கொடுத்த மெட்டு, பாப் டிலனின் பாட்டாக நாம் அறிந்த அந்த இசை மூன்றும் ஒன்றுதான் என்று புரிந்து, அந்த ஸ்வரங்களையே எண்களாக்கி அவள் கப்பலைத் தாவச் செய்த கணத்தில் அவள் வந்த வேலை முடிந்தது. மனித குலத்தை அதன் முடிவுக்குக் கொண்டுபோவாள் என்ற சாபம்போன்ற தீர்க்கதரிசனமும் பலித்தது. மனிதரும் சைலானும் பூர்வகுடியும் கலந்தபிறகு தனியாக மனித குலம் என்று ஒன்று இல்லையே. அவள் இன்னதுதான் என்று மூர் வேண்டுமென்றேதான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்திருந்தால் லீ திரும்பிப் பார்க்கும்போது அங்கே யாரும் இல்லாத அந்த வெறுமை நமக்குக் கிடைத்திருக்காது.

நியூயார்க்கில் ரோபோ பொம்மைகளைக் காட்டும் கடைசி நிமிடம் தேவையே இல்லாதது. நாலு சீசனாகச் சொன்னதை மறுபடி விரல் நீட்டிச் சொல்கிறார்கள். அங்கே பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மூரேதான், கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

'தி பிளான்' 2009இலேயே வந்த தனிப்படம், ஓல்மோஸ் இயக்கியது. பேரழிவையும் முதல் இரண்டு சீசன்களையும் சைலான்களின் பக்கத்திலிருந்து, முக்கியமாக கேவில் என்ற சைலான் வழியாகக் காட்டுகிறது. கேவிலாக வரும் டீன் ஸ்டாக்வெலின் நடிப்புக்காகப் பார்க்கலாம். நீங்கள் கேட்ட எதற்கும் அதில் பதில் கிடையாது. அதைவிட, இரண்டாவது சீசனில் பால்டார் மூளையைப் படம் எடுக்கும் எபிசோடையும், நாலாவது சீசனின் கலக எபிசோட்கள் இரண்டையும் மறுபடி பாருங்கள். பார்த்துவிட்டு லீ பேசும் காட்சிக்குப் போனால், என் குறையோடு நீங்கள் ஒத்துப்போகிறீர்களா என்று தெரிந்துவிடும்.